மருந்துக்கு ஒரு கடிதம் கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்?

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் ஆறு பேர். எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். ஐந்து பேருக்குச் சர்க்கரை, நான்கு பேருக்கு பிரஷர், ஒருவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். இதில் நான் இரண்டு பட்டியலில் வருவேன்.

நேற்று எங்களில் ஒருவர், மாவட்டத்தின் ஒரு மூலையில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த மாதம் துபாயில் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். மருந்தெல்லாம் தயாரா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையின் கால் துண்டை எடுத்துக் காட்டினார். தூக்க மாத்திரை. நாலு மாத்திரை இருந்தது. மருந்தின் பெயர் இருந்த ஓரம் மெடிக்கல் கடைக்காரரின் கத்தரிக்கோலில் போய்விட்டது. "என்ன மருந்து சார்?" என்றேன். "ராத்திரி போடுறது" என்றார். "சீட்டு?" என்றேன். "தெரிஞ்ச டாக்டர்தான், சீட்டெல்லாம் எதுக்கு? ஒண்ணும் ஆகாது சார்."

இந்த "ஒண்ணும் ஆகாது" என்ற பதிலோடுதான் இன்று எனக்குச் சண்டை. நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 34 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒரு கணக்கைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

முதலில் என் கதை. எனக்கு வயது 68. சர்க்கரை வந்து 21 வருஷம், இன்சுலின் ஊசிக்கு மாறி ஏழு வருஷம். காலையில் 20 யூனிட், இரவில் 14. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் சிங்கப்பூர் போனோம். சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கையில் இருந்த நேரம். நம் பக்கத்தில் இது புதிதில்லை. கூத்தாநல்லூரைச் சின்ன சிங்கப்பூர் என்றே சொல்வார்கள். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி, முத்துப்பேட்டை என்று எந்தத் தெருவுக்குள் போனாலும் ஒரு வீட்டுப் பிள்ளையாவது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும். முன்பு பிள்ளைகள் மட்டும் போனார்கள். இப்போது பேரன் பேத்தியைப் பார்க்க அப்பா அம்மாவும் திருச்சியில் விமானம் ஏறுகிறோம். அதாவது விமானத்தில் போகிறவர்களின் வயது கூடிவிட்டது. நோயும் கூடவே ஏறுகிறது.

டிக்கெட் போட்ட ஏஜென்ட் தம்பி பாஸ்போர்ட் கேட்டார், விசாவுக்கு போட்டோ கேட்டார், சைவமா அசைவமா என்று கேட்டார். ஜன்னல் ஓரமா என்றுகூடக் கேட்டார். "ஐயா, ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை. பைக்குள் ஊசி இருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்து, தனியாக எடுத்து வைத்தார்கள். அதிகாரி சின்னப் பையன், மரியாதையாகத்தான் கேட்டார். மருந்துச் சீட்டைக் கொடுத்தேன். அவர் அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்று என்னிடமே கேட்டார். எனக்கும் படிக்கத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தியவன் நான், என் உயிரைக் காப்பாற்றும் மருந்தின் பெயரை அந்தச் சீட்டில் கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவர் வந்து பார்த்து, இருபது நிமிஷம் கழித்து விட்டார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. தங்கம் கடத்துகிறவனையும் கஞ்சா கடத்துகிறவனையும் பிடிக்க வேண்டிய இடத்தில் நிற்கிறவர், பெயர் தெரியாத மருந்தைப் பார்த்தால் கேட்கத்தான் செய்வார், கேட்கவும் வேண்டும்.

ஆனால் அடுத்து நடந்தது வேறு. விமானம் ஏறும் வாசலில் ஒரு பெண், "மேலே இடமில்லை அங்கிள், இந்தப் பையைக் கீழே போட்டுடுறோம்" என்று சொல்லி, என் கைப்பையில் ஒரு சீட்டைக் கட்டிவிட்டார். உள்ளே இன்சுலின் இருக்கிறது என்றேன். "எல்லாம் பத்திரமா வரும் அங்கிள்." பத்திரம் இல்லை அம்மா, குளிர் என்றேன். பின்னால் வரிசை நகரவில்லை. என் மனைவி சட்டையைப் பிடித்து இழுக்கிறாள்: "என்னங்க, விடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க." விட்டேன். அன்று நான் செய்த தப்பு அது. மருந்துப் பையை மட்டுமாவது வெளியே எடுத்திருக்க வேண்டும். வெட்கத்தில் மூளை வேலை செய்யவில்லை.

இன்சுலின் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரித்து உபயோகத்தில் இருப்பது வெயில் படாத சாதாரண அறைச் சூட்டில் சுமார் நாலு வாரம் தாங்கும். கிராமத்தில் மின்சாரம் போனால் ஈர மணலில் பானை வைத்து அதற்குள் பாட்டிலை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். உறைந்தால் மட்டும் தொலைந்தது, திரும்பக் கரைந்தாலும் போடக் கூடாது. விமானத்தின் அடியில் பெட்டி வைக்கும் அறையில் குளிர் எவ்வளவு இறங்கும் என்று நமக்குத் தெரியாது. உறைந்து கரைந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி சொல்லவும் முடியாது. அதனால்தான் இன்சுலினை அடியில் போடாதே, கையில் வைத்துக்கொள் என்கிறார்கள்.

சிங்கப்பூரில் இறங்கினோம். மூன்று மாத மருந்தையும் நம்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் காலை, நிறைமாதப் பெண் என்னை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போகிறாள். அங்கே இருந்த டாக்டர் புது இன்சுலின் எழுதுவதற்கு முன் ஒன்று கேட்டார்: "நீங்கள் போடும் சிரிஞ்சைக் காட்டுங்கள்." காட்டினேன். சிவப்பு மூடி. அவர் முகம் மாறிவிட்டது.

இதை ஒவ்வொரு சர்க்கரை வீட்டிலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் குப்பியில் விற்கும் சாதாரண இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்ச் சிவப்பு மூடி. வெளிநாடுகளில் குப்பியிலேயே ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கான சிரிஞ்ச் ஆரஞ்சு மூடி. இப்போது கணக்கைப் போடுங்கள். என் அளவு 20 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மில்லி. நம் ஊர் மருந்தில் அரை மில்லி என்றால் 20 யூனிட், சரி. அதே சிரிஞ்சில் அந்த ஊர் மருந்தை அதே 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட். இரண்டரை மடங்கு. காலையில் ஊசி போட்டுவிட்டு, பேரப்பிள்ளை முகம் பார்க்காமலே போயிருப்பேன். கணக்கு வாத்தியாருக்கே இது தோன்றவில்லை ஐயா. மேல்நாட்டுக் கடையில் வாங்கிக்கலாம் என்று மருந்தை எடுக்காமல் போகிறவர்கள், பையை அடியில் போட்டுவிடலாம் என்கிறவர்கள், இந்த இரண்டு தரப்பும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பேனா ஊசி போடுகிறவர்களுக்கு நம் ஊரிலும் 100தான், அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஆனால் குப்பியும் சிரிஞ்சுமாக இருப்பவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்!

சரி, இனி சண்டைக்கு வருகிறேன்.

டாக்டர்களே, 2016இலேயே இந்திய மருத்துவ கவுன்சில் தன் நடத்தை விதியைத் திருத்தி, மருந்தின் மூலப்பெயரை எழுதுங்கள், படிக்கும்படி எழுதுங்கள், முடிந்தால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் மேஜைக்கு எத்தனை ஆயிரம் சீட்டு வந்து போயிருக்கும்? திருச்சியில் உள்ள மெடிக்கல் கடைக்கே உங்கள் பக்கத்துத் தெருக் கடைக்காரர் போன் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. துபாய் சுங்க அதிகாரி என்ன செய்வார்? கம்பெனிப் பெயர் நம் நாட்டு எல்லையோடு சரி. கிளைக்கோமெட் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, மெட்ஃபார்மின் என்றால் உலகத்துக்கே தெரியும். ஊருக்குப் போகிறேன், ஒரு கடிதம் கொடுங்கள் என்று நான் கேட்டபோது கிடைத்த பதில், "எதுக்கு சார் இதெல்லாம்? வேணும்னா எழுதித் தர்றேன், 300 ரூபாய் ஆகும்." பணம் வாங்குங்கள், தப்பில்லை, உங்கள் நேரம். அந்த "எதுக்கு" மட்டும் வேண்டாம்.

மெடிக்கல் கடைக்காரர்களே, பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் வெட்டித்தான் தர வேண்டும், புரிகிறது. கூலிக்குப் போகிறவர் முழு அட்டை வாங்க முடியாது. ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தை ஏன் எப்போதும் நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள்? பில் கேட்டால் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? அல்பிரசோலம், டிரமடால் போன்ற மருந்துகள் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. யாருக்கு, யார் எழுதி, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். டிரமடால் 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. "அண்ணே, அந்தத் தூக்க மாத்திரை நாலு" என்றதும் எடுத்து நீட்டுகிற கடையில் அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது?

என் நண்பரின் நாலு மாத்திரை அதில் ஒன்றுதான். வீட்டில் கிடந்த பழைய பெட்டியைத் தேடி எடுத்துவரச் சொல்லிப் பார்த்தோம், அல்பிரசோலம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இந்த வகை மருந்தைக் கொண்டுபோக முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரிலும் தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை, கடுமையான வலி மாத்திரை போன்றவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். மற்ற சாதாரண மருந்துக்கு மூன்று மாத அளவு வரை சொந்த உபயோகம் என்று விடுகிறார்கள். இன்னொரு வம்பு, கூட்டு மாத்திரை. மனச்சோர்வுக்கு எழுதும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையோடு குளோனசெபம் சேர்த்து நம் நாட்டில் தாராளமாக விற்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒரு 'பிளஸ்' இருக்கும், அவ்வளவுதான். அந்த பிளஸ்தான் அனுமதி கேட்கும் சரக்கு என்று சாப்பிடுகிறவருக்கு யாராவது சொன்னார்களா?

"ஆயிரம் பேர் போறாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்பீர்கள். ஆகியிருக்கிறது. 2017இல் இங்கிலாந்துப் பெண் ஒருவர் 290 டிரமடால் மாத்திரையோடு எகிப்தில் இறங்கினார். முதுகு வலியில் இருந்தவருக்காகக் கொண்டுபோனேன் என்றார். மூன்று வருஷம் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு, 2019 ஜனவரியில் மன்னிப்பில் விட்டார்கள். அவருடைய சொந்த நாட்டில் அது டாக்டர் எழுதித் தரும் சாதாரண மாத்திரை. பணம் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொன்று: 2015 ஜூனில் டொயோட்டா கம்பெனியின் உயர் அதிகாரி ஜூலி ஹாம்ப் ஜப்பானில் கைதானார். அமெரிக்காவிலிருந்து பார்சலில் வந்த ஆக்சிகோடோன் வலி மாத்திரைதான் காரணம். வழக்கில்லாமல் விட்டார்கள், ஆனால் வேலை போய்விட்டது. டொயோட்டாவின் வக்கீல்கள் இருந்தும் இந்த நிலை. நமக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்தவர் மருந்தைத் தூக்கிக்கொண்டு போகும் நம் ஊர் தாராளத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அப்படியே இந்த இருமல் மருந்து ரெண்டு பாட்டிலை என் மருமகன்கிட்ட கொடுத்துடுங்க." இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம். மும்பையிலிருந்து கத்தாருக்குப் போன இளம் தம்பதி ஒன்று 2019இல் உறவினர் கொடுத்த பார்சலால் பத்து வருஷத் தண்டனை வாங்கியது. உள்ளே இருந்தது கஞ்சா வகை. தங்களுக்குத் தெரியாது என்று நிரூபணமாகி வெளியே வர 2021 ஆகிவிட்டது. அந்தப் பெண் சிறையில் பிள்ளை பெற்றாள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற கசகசாவே அமீரகத்தில் தடை என்பதையும் சமையல் சாமான் கட்டும் அம்மாக்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலமும் அப்படித்தான். நமக்கு அது திரிபலா, அவர்களுக்கு அது பொடி.

இப்படி எழுதினால் "வாத்தியார் பயமுறுத்துகிறார்" என்று ஒரு பேச்சு வரும். பயமுறுத்துவது என் வேலை இல்லை. பயம் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். பாபநாசம் பக்கத்தில் என் பழைய மாணவன் ஒருவனின் அம்மா, வலிப்பு நோய்க்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். மலேசியாவுக்கு மகள் வீட்டுக்குப் போகும்போது, மாத்திரை கொண்டுபோனால் பிடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்கு நோய் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் வேறு. மாத்திரையை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் வலிப்பு வந்து விழுந்தார். நெற்றியில் ஏழு தையல். வலிப்பு மாத்திரையையும் நாள்பட்ட தூக்க மாத்திரையையும் திடீரென்று நிறுத்தினால் இது நடக்கும். அவர் மருந்தைக் கொண்டுபோயிருக்கலாம். அதற்கு ஒரு கடிதமும் ஒரு வாரம் முன்னதாக ஒரு விசாரிப்பும் போதும். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. "ஒண்ணும் ஆகாது" என்பவரும் "பிடிச்சுடுவாங்க" என்பவரும் ஒரே ஆள்தான், இரண்டு பேருக்கும் விசாரித்துப் பார்க்கும் பழக்கம் கிடையாது.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. அரசு ஆஸ்பத்திரியில் வாங்கும் மாத்திரையை நாம் மட்டமாகப் பேசுகிறோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலப்பெயரில்தான் மருந்து வாங்குகிறது. அந்த அட்டையில் மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் பெயரே பெரிதாக இருக்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலில் வாங்குகிறாரே என் தெருவில் உள்ள பாட்டி, அவர் அட்டையை முழுசாகக் கொண்டுபோய் உலகத்தின் எந்த அதிகாரியிடம் நீட்டினாலும் படித்துவிடுவார். தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் செலவழித்த என் சீட்டைத்தான் யாராலும் படிக்க முடியவில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா அப்பாவுக்கு ஆசையாக ஞாயிறு, திங்கள் என்று கட்டம் போட்ட மாத்திரை டப்பா வாங்கி அனுப்புகிறீர்கள். வீட்டில் நல்லதுதான். பயணத்தில் அதில் இருப்பது ஏழு நாளைக்கான பெயரில்லாத வில்லைகள். டிக்கெட் போடுகிற அன்றைக்கே போன் போட்டு, "அப்பா, மருந்துப் பட்டியலை போட்டோ எடுத்து அனுப்புங்க, இங்கே எது தடைன்னு பார்த்துச் சொல்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நாட்டு இணையப் பக்கம் உங்களுக்குப் படிக்க வரும், எங்களில் பலருக்கு வராது.

போன தை மாதம் மறுபடி சிங்கப்பூர் போனேன். இந்தத் தடவை டாக்டரிடம் உட்கார்ந்து, விடாமல், ஒரே பக்கத்தில் வாங்கினேன்: என் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, நோய், மருந்துகளின் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, ஊசியும் சிரிஞ்சும் கூடவே இருக்க வேண்டும் என்ற வரி, அவர் பதிவு எண், முத்திரை. மருந்தெல்லாம் கடைப் பெட்டியோடு, பில்லோடு. திரும்பும் தேதிக்கு மேல் பத்து நாள் கூடுதல். எங்கள் தெரு டெய்லரிடம் தோளில் குறுக்காக மாட்டும் துணிப்பை ஒன்று தைத்து, இன்சுலினையும் சிரிஞ்சையும் கடிதத்தையும் அதில் போட்டுக்கொண்டேன். பையை அடியில் போடச் சொன்னால் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடலாம், துணிப்பை என் உடம்போடு இருக்கும். சோதனைக்கு நிற்கும்போது அவர்கள் கேட்பதற்கு முன் நானே, "தம்பி, எனக்குச் சர்க்கரை, இதில் இன்சுலினும் ஊசியும் இருக்கு, இதோ கடிதம்" என்றேன். இரண்டு நிமிஷம். என் மனைவி இந்தத் தடவையும் சட்டையை இழுத்தாள், "ஏங்க இவ்வளவு சத்தமா" என்று.

விமானச் சாப்பாடு எப்போது வரும் என்று தெரியாமல் ஊசியை முன்னாலேயே போட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தட்டு கைக்கு வந்த பிறகு போடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். எந்த வேளையை எப்போது போடுவது என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தலைமை ஆசிரியர் நண்பர் நேற்று மாலை என் வீட்டுக்கு வந்தார். துபாய்க்காரர் மகனோடு போனில் பேசி, அனுமதிக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். எல்லாவற்றுக்கும் முதலில் டாக்டரின் சீட்டும் கடிதமும் வேண்டும். அவருடைய 'தெரிஞ்ச டாக்டர்' மூன்று நாளாக "நாளைக்கு வாங்க சார்" என்கிறாராம். நாளை காலை நடைக்குப் பிறகு நானும் அவரோடு போகிறேன். கூட்டம் இருந்தால் உட்கார்ந்திருப்போம், எங்களுக்கு வேறு வேலை இல்லை.